எழுபது வயதிலும் 'ப்ரோ' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24. கூட்டாளிகளோடு பேசுவது 'ப்ரோ', 'செம', 'கிரிஞ்ச்', 'வேற லெவல்'. வீட்டில் அப்பா புத்தி சொன்னால் 'பூமர்' என்று ஓட்டுவது. அப்பத்தா இன்னும் 'அங்கிட்டு', 'அம்புட்டு', 'அவுக வந்தாக' என்றே பேசுகிறது. "நாங்க எழுபது வயசுலயும் இப்படியேதான் பேசுவோமா, இல்ல தன்னால அப்பத்தா மாதிரி மாறிருவோமா? ஒரு முதியோர் இல்லம் பூரா ப்ரோ, ப்ரோன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தா எப்படி இருக்கும்?" என்கிறார். சிரிப்புக்குக் கேட்டதுபோல இருக்கிறது. ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பேச்சு வயதோடு மாறுமா, இல்லை பிறந்த காலத்தோடு ஒட்டிக்கொண்டே கடைசிவரை வருமா என்பது ஒன்று. இன்றைக்குப் பெருசுகளைப் பார்த்துச் சொல்வதெல்லாம் நாளைக்கு நமக்கும் பொருந்திவிடுமோ என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும்.

நான் மதுரையில் ஸ்பீச் தெரபிஸ்ட். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தேன். ஊருக்குத் திரும்பி வந்த நாள் முதல் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களும் காது மந்தமான பெரியவர்களும்தான். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், பேரையூர் என்று சுற்றுவட்டாரம் பூராவிலிருந்தும் கூட்டிவருவார்கள். வயதானவர்கள் எதை விடாமல் பேசுகிறார்கள், எது முதலில் கழன்று போகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற வேலை. மொழி எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி நான் சொல்லப்போவது படித்தது. உடைந்த பேச்சைப் பற்றிச் சொல்வது பார்த்தது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடலாம். ஒரு பெரியவர் பேசுவது நம் பேச்சிலிருந்து வேறாக இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மெதுவாகப் பேசுகிறார், பெயர் சட்டென்று நாக்கில் வராமல் "அந்த இவன்... அதான்ப்பா, அவன்" என்று தடவுகிறார் என்றால் அது வயது. யாருக்கும் அந்த வயதில் வரும். "மாமா வந்தாக, சாப்பிட்டாக, போயிட்டாக" என்கிறார் என்றால் அது அவர் வளர்ந்த தலைமுறை. முப்பது வயதிலும் அவர் அப்படித்தான் பேசியிருப்பார். "பேரனுக்கு ஜிபே பண்ணிவிடு" என்கிறார் என்றால் அது காலம். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயது அப்பத்தாவும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்ட பேச்சு அது. இந்த மூன்றையும் முழுக்கப் பிரிப்பது கணக்குப்படியே முடியாத காரியம். பிறந்த ஆண்டும் வயதும் தெரிந்தால் இது எந்த ஆண்டு என்பது தானாக வந்துவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் தனியாக அசைத்துப் பார்க்க வழி கிடையாது. தலைமுறைகளைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1961-ல் மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவுக்குப் போய் அங்குள்ளவர்கள் இரண்டு உயிரொலிகளை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று பதிவு செய்தார். பழைய தீவு உச்சரிப்பு கிழவர்களிடம்தான் கூடுதலாக இருக்கும், இளசுகளிடம் குறைந்திருக்கும் என்றுதானே எவரும் நினைப்போம்? கிடைத்தது வேறு. 31 முதல் 45 வயது வரை உள்ளவர்களிடம்தான் அது தூக்கலாக இருந்தது. கோடையில் வந்து இறங்கும் வெளியூர்ப் பணக்காரர்களைக் கண்டு எரிச்சல்பட்டு, 'இது எங்க ஊரு, இங்கதான் இருப்போம்' என்று நின்றவர்கள் அந்த உச்சரிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிவிட நினைத்தவர்களிடம் அது குறைந்திருந்தது. எனக்கு இது மதுரையை அப்படியே நினைவூட்டும். 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்பது பெங்களூரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் சில பையன்களின் வாயிலிருந்து காணாமல் போகும். அதே கம்பெனியில் இன்னொருவன் அதையே கூடுதலாக இழுத்துப் பேசி, 'மதுரைக்காரன்' என்று பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். (இந்த மதுரைக் கதை என் காதில் விழுந்தது மட்டுமே. லபோவ் மாதிரி நான் அளந்து பார்க்கவில்லை.)

ஒரே ஆளைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பதிவு செய்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் பிரெஞ்சு பேசுகிறவர்களை 1971, 1984, 1995 என மூன்று முறை பதிவு செய்தார்கள். அங்கே நாக்கு நுனியில் உருளும் 'ர' போய், தொண்டையிலிருந்து வரும் 'ர' பரவிக்கொண்டிருந்த காலம் அது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய 'ர'வோடேயே இருந்தார்கள். சிலர் மட்டும் நடுவயதிலும் புதிய பக்கம் நகர்ந்தார்கள். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் வானொலி உரைகளை எடுத்துக்கொண்டு, 1950-களில் அவர் உச்சரித்ததையும் 1980-களில் உச்சரித்ததையும் ஒப்பிட்டு 2000-ல் ஒரு கட்டுரை வந்தது. அரண்மனைக்குள்ளேயே இருந்த அந்த அம்மாவின் உயிரொலிகளும் வெளியே இளையவர்கள் பேசும் ஆங்கிலத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தன. முழுக்கப் போய்ச் சேரவில்லை. எனவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஒலியும் இலக்கணமும் பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலும் இறுகிவிடும், அப்புறம் அசைந்தாலும் கொஞ்சம்தான் அசையும். உங்கள் வாயில் 'ஆய்ங்க' ஊறியிருந்தால் எழுபதிலும் அது இருக்கும். 'வேற லெவல்' அந்த வகையில் சேராது. அது வெறும் சொல். சொற்கள் வரும், போகும்.

எந்தச் சொல் போகும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. போரடிக்கிற ஆளை, சிரிப்பு வராத ஜோக்கை என்ன சொல்வது? என் பெரியப்பா வயதுக்காரர்கள் 'அறுவை' என்றார்கள். நாங்கள் கல்லூரிக்குப் போனபோது அது 'பிளேடு', 'ரம்பம்' என்று ஆனது. எனக்கு இளையவர்கள் 'மொக்கை' என்றார்கள். இப்போது உங்களுக்குக் 'கிரிஞ்ச்'. (கிரிஞ்சில் கூச்சமும் சேர்ந்திருக்கிறது, தெரியும். என் மகள் விளக்கிச் சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.) புகழ்வதற்கும் இப்படித்தான்: பிரமாதம், டாப்பு, கலக்கல், செம, மாஸ், கெத்து, தரமான சம்பவம். கேலி செய்வதற்கு மதுரையில் எப்போதுமே சொல் பஞ்சம் கிடையாது: நக்கல், லந்து, ரவுசு, அலப்பறை, ஓட்டுறது, கலாய்க்கிறது, வச்சு செய்யிறது. எல்லா மொழியிலும் வேகமாகத் தேய்கிறவை இந்த மூன்று இடத்துச் சொற்கள்தான். காரணம் எளிது. ரொம்ப நல்லாயிருக்கு என்பதைச் சொல்ல ஒரு சொல்லை எல்லாரும் எல்லாவற்றுக்கும் போட்டால் அதில் காரம் இறங்கிவிடும். அப்புறம், கல்லூரிப் பிள்ளைகளின் சொல்லுக்கு நாங்கள் வேற செட் என்று காட்டுகிற வேலையும் உண்டு. அப்பா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து "குழம்பு வேற லெவல்" என்று சொல்லிவிட்டால் அந்த வேலை அன்றோடு முடிந்தது.

சில சொற்கள் சாகாமல் வேறு மாதிரி முடியும், ஜெயித்துவிடும். 'சூப்பர்' ஒரு காலத்தில் இளவட்டப் பேச்சு. இன்றைக்கு எழுபது தாண்டிய என் சித்தி, பேத்தி பாவாடை சட்டை போட்டு வந்து நின்றால் "சூப்பரா இருக்குடி" என்கிறார். அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. 'ஜாலி'யும் அப்படித்தான் ஆனது. உங்கள் சொற்களில் எது இப்படிப் பொதுச்சொத்தாகும், எது உங்களோடு மட்டும் கிழடு தட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த முறையும் கிடையாது. என்னிடம் பந்தயம் கட்டச் சொன்னால் 'செம' மீது கட்டுவேன். 'கிரிஞ்ச்' மீது ஒரு ரூபாய் போட மாட்டேன்.

'ப்ரோ'வை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது புகழ்ச்சொல்லோ வசவோ இல்லை, கூப்பிடுகிற சொல். மதுரைப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றால் முதலில் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். மூத்தவரா, அண்ணே. இளையவரா, தம்பி. ரொம்பப் பெரியவரா, ஐயா. உசிலம்பட்டிப் பக்கம் என்றால் சீயான். அந்த அம்மாவை அக்கா என்றால் கோபம் வருமா, அத்தை என்றால் வருமா? 'மாப்ள', 'பங்காளி' என்பவை அடுத்த கட்டம். அதில் உறவுமுறையும், வெளியே சொல்லாவிட்டாலும் சாதியும் ஒளிந்திருக்கும். 'ப்ரோ' இந்தக் கணக்கையெல்லாம் ஒரே அடியில் தள்ளிவிடுகிறது. டீக்கடைக்காரர், டெலிவரி கொண்டுவருகிற பையன், சீனியர், ஜூனியர் எல்லாரும் ப்ரோ. ஒரு வேலை மிச்சமாகிற சொல் எளிதில் போகாது என்பது என் ஊகம். அதோடு, வயசுக்காரர்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்கிற சொல் கிழப்பருவம் வரை நீடிப்பதை நீங்களே பார்க்கலாம். காலையில் ஆறு மணிக்குத் தெற்கு வெளி வீதிப் பக்கம் எந்த டீக்கடையிலாவது நின்று பாருங்கள். எழுபத்தைந்து வயது மனிதர் இன்னொரு எழுபத்தைந்தை "டேய் மாப்ள, என்னடா மூஞ்சி வீங்கியிருக்கு?" என்று கேட்பார். அதே மனிதர் பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பும்போது முழு மரியாதையோடு பேசுவார். பள்ளிக்கூடப் பேச்சு அவரிடம் அப்படியே இருக்கிறது. அதைப் பேசுவதற்கு எதிராளி வேண்டும், அவ்வளவுதான். ஆகவே முதியோர் இல்லத்தில் 'ப்ரோ' கேட்குமா என்றால், கேட்கும் என்றே நினைக்கிறேன். பேரப்பிள்ளையிடம் போய்ச் சொல்ல மாட்டீர்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பக்கவாதம் வந்தால் வலது கை கால் விழுவதோடு பலருக்குப் பேச்சும் போய்விடும். பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பார்த்த நோயாளியால் 'டான்' என்ற ஒரே அசையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. கொஞ்ச காலத்திலேயே இங்கிலாந்தில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார். யோசித்து வாக்கியம் கோர்க்க முடியாத நோயாளிகளுக்குச் சில வகைப் பேச்சு மட்டும் தடையில்லாமல் வருகிறது: வசவு, எண்ணிக்கை, பிரார்த்தனை, விசாரிப்பு, பாட்டு. இதில் சந்தேகமே கிடையாது. நான் வாரம் தவறாமல் பார்ப்பது. பெண்டாட்டி பெயர் வராத ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு "போலாம் ரைட்" மட்டும் வெண்கலக் குரலில் வரும். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாத ஒரு அம்மாவுக்கு, தொடங்கி மட்டும் கொடுத்தால், ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு என்று வாய்ப்பாடு ஓடும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சும். கூட வந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அப்பா இப்படியெல்லாம் பேசுற ஆளே இல்ல மேடம்" என்பான். அவர் நல்ல மனிதர்தான், நோய் அந்தப் பகுதியைத் தொடவில்லை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

இதில் உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு சங்கதி உண்டு. சின்ன வயதிலேயே கற்ற சொற்கள், பின்னால் கற்ற சொற்களைவிட மூளைப் பாதிப்பைத் தாங்கி நிற்கின்றன. பல மொழிகளில் சோதித்துக் கண்டது இது. அப்படிப் பார்த்தால் நீங்கள் பதினேழு வயதில் ஹாஸ்டலில் பிடித்துக்கொண்ட 'வேற லெவல்' உங்களுக்குள் மேலோட்டமானது. மூன்று வயதில் அப்பத்தா மடியில் கேட்ட 'அங்கிட்டுப் போகாத', 'வெரசா வா', 'அம்புட்டுத்தேன்' அடியில் கிடக்கிறது. எண்பதில் உங்களுக்கு ஏதாவது வந்தால் எது மிஞ்சும் என்று கேட்டால், கூட்டாளிகளின் பேச்சைவிட அப்பத்தாவின் பேச்சு மிஞ்ச வாய்ப்பு அதிகம். ஆனால் இதை எல்லாருக்கும் நீட்டிவிடக் கூடாது. இது பாதிப்பு வந்த மூளையைப் பற்றிய செய்தி. நோய் நொடி இல்லாமல் மூப்படைகிற ஒருவர் தானாகவே குழந்தைப் பருவப் பேச்சுக்குத் திரும்புகிறார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தவிர, உங்களுக்குக் கீழே வருகிற பிள்ளைகளில் பலருக்கு மூன்று வயதில் காதில் விழுந்ததே வேறு. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு என்னிடம் வருகிற பையன்களை எண்ணச் சொன்னால் 'ஒன், டூ, த்ரீ' என்றுதான் தொடங்குகிறார்கள். கிழமை சொல்லச் சொன்னால் 'மண்டே, டியூஸ்டே'. அவர்களிடம் தானாக வருகிற பேச்சில் 'ஓகே'வும் 'டேய்'யும் முதலில் நிற்கின்றன. 'ப்ரோ'வையும் கேட்டிருக்கிறேன்.

நோயாளியிடம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிற பட அட்டைகளிலும் இதே தொல்லை. ஆட்டுக்கல், முறம், அரிக்கேன் விளக்கு, விரலை விட்டுச் சுழற்றுகிற டெலிபோன் என்று பழைய அட்டைகளில் இருக்கும். இருபது வயதுப் பையன் முறத்தைப் பார்த்து முழித்தால் அது மூளைக் கோளாறா, வீட்டில் முறமே இல்லையா என்று தெரியாது. அம்மாவைக் கேட்டுத்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறோம்.

நோயில்லாத மூப்புக்கு வருவோம். சொல்வளம் அறுபது, எழுபது வயதிலும் குறைவதில்லை. நிறையப் பேருக்குக் கூடவே செய்கிறது. குறைவது எடுக்கிற வேகம். அதிலும் ஆட்களின் பெயர்தான் முதலில் தகராறு செய்யும். காது இன்னொரு பக்கம். வயதால் வருகிற மந்தம் உயர்ந்த சுருதி ஒலிகளில் தொடங்குகிறது. 'அ', 'ஓ' போன்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். 'ஸ', 'ச', 'ஃப' போன்றவை மங்கும். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கிறது, என்ன பேச்சு என்பது பிடிபடுவதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைக வாய்க்குள்ளயே பேசுதுக" என்கிற புகாரில் பாதி இந்தக் காதின் குறை. அப்பத்தாவுக்கு உங்கள் சொல் புரியவில்லை என்று நீங்கள் நினைக்கிற சில சமயம் அதற்குச் சொல்லே கேட்டிருக்காது. கத்தாதீர்கள், கத்தினால் ஒலி இன்னும் சிதையும். முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டு, கொஞ்சம் நிறுத்திப் பேசினால் போதும். சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் காது மெஷின் வைத்துவிடலாம். உங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையவர்கள் சத்தமாகக் கேட்கிற பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இயர்போனை இதே சத்தத்தில் வைத்துக்கொண்டிருந்தால், முதியோர் இல்லத்தில் 'ப்ரோ' என்று யாராவது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'பூமர்' என்பது அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 முதல் 1964 வரை பிறப்புகள் குபுகுபுவென்று கூடிய காலத்தில் பிறந்தவர்களுக்கான பெயர். இந்தியாவில் அப்படித் திடீரென்று ஏறி இறங்கிய ஒரு மேடு கிடையாது. அதற்கு முன்பும் பிறப்பு விகிதம் உயரத்தில்தான் இருந்தது, பின்பு மெல்ல இறங்கியது. எனவே பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பா பூமர் கிடையாது. நம் ஊரில் அந்தச் சொல் ஒரு நடத்தைக்குப் பெயராகிவிட்டது: கேட்காமல் அறிவுரை சொல்கிறவன் பூமர். முப்பது வயது ஆளைக்கூட அப்படிச் சொல்கிறீர்கள். நம் ஊருக்கென்று இருக்கிற பிரிவு '90ஸ் கிட்ஸ்', '2கே கிட்ஸ்' என்பதுதான். அதிலும் முன்னவர் கல்யாணம் ஆகாமல் தேன்மிட்டாயை நினைத்து அழுகிறவர், பின்னவர் பொறுப்பில்லாமல் போனைத் தடவுகிறவர் என்று ஆளுக்கொரு வேஷம் மாட்டிவிட்டாயிற்று. கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-லேயே எழுதியிருக்கிறார்: ஒரே ஆண்டில் பிறந்துவிட்டதால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது, இளமையில் ஒரே நிகழ்வுகளுக்குள் சேர்ந்து அகப்பட்டிருக்க வேண்டும் என்று. 2001-ல் கே.கே. நகரில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவனுக்கும், அதே ஆண்டில் எழுமலைப் பக்கம் பிறந்து பதினாறு வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவனுக்கும் பொதுவாக எவ்வளவு இருக்கிறது? போன் இருக்கிறது. அதற்குமேல் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

"அந்தக் காலத்துல..." என்று தொடங்குவது எந்தத் தலைமுறையின் குணமும் இல்லை, வயதின் குணம். முதியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால் ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் குவிந்து வருகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் ஒரு கிழவர், மருதமரக் கிளையிலிருந்து ஆழமான நீரில் பாய்ந்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்த தன் இளமையை எண்ணிப் புலம்புகிறார். இப்போது தடியூன்றி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிற மூதாளராகிவிட்டேன் என்கிறார். ஆக, நீங்களும் புலம்புவீர்கள். பப்ஜி தடை செய்யப்பட்ட வருஷத்தைப் பற்றிப் பேரன் முன்னால் உருகுவீர்கள். அவன் பார்வை எப்படி இருக்கும் என்று இப்போதே உங்களுக்குத் தெரியும்.

கேலி கிடக்கட்டும். கேலியைவிட மோசமான ஒன்றை நான் ஆஸ்பத்திரி வார்டுகளில் அடிக்கடி கேட்கிறேன். "பாட்டிம்மா, சமத்தா ஆ காட்டுங்க", "தாத்தா குட்பாய்" என்று முதியவர்களிடம் மழலையில் பேசுவது. பிரியத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் மறதி நோய் உள்ளவர்களிடம் இப்படிப் பேசும்போது அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்காமல் முரண்டு பிடிப்பது கூடுகிறது என்று 2009-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்னொன்று 2002-ல் வந்தது. ஒஹையோ மாநிலத்தில் ஐம்பது தாண்டியவர்களிடம் தங்கள் மூப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நல்லவிதமாக நினைத்தவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதை அப்படியே விழுங்க வேண்டாம். உடம்பு நன்றாக இருப்பவன்தான் நல்லவிதமாக நினைப்பான் என்றும் வாதிடலாம். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தோம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, தள்ளிவிடவும் மனசில்லை. ஆனால் இருபது வயதில் பெருசு என்றாலே புத்திகெட்டவர் என்று சிரித்துப் பழகியவர், அறுபதில் அதே சிரிப்பைத் தன் மீதே திருப்பிக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். "எனக்கெதுக்கு மேடம் காது மெஷினு, நான்தான் பெருசாயிட்டேனே" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

உங்கள் முதுமை அப்பத்தாவின் முதுமை மாதிரி இருக்காது என்பதற்கு ஒரு பெரிய காரணம் எண்ணிக்கை. தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் 2021-ல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்றும், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் அரசின் கணிப்பு. நீங்கள் எழுபதைத் தொடும்போது அது இன்னும் கூடியிருக்கும். அப்பத்தா வீடு நிறையப் பிள்ளைகளுக்கு நடுவே கிழவியானது. மகன், மருமகள், பேரன் பேத்தி, எதிர்வீட்டுக் குஞ்சுகள் என்று நாள் பூராவும் இளையவர்களோடு பேசிப் பேசி அதன் பேச்சில் 'சூப்பர்', 'செல்லு', 'டென்சன்' எல்லாம் ஏறின. உங்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களும் எங்கோ தூரத்தில். நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் உங்கள் வயசுக்காரர்களோடு. அப்படி நடந்தால் உங்கள் கல்லூரிப் பேச்சு, எங்கள் தலைமுறைப் பேச்சைவிடக் கெட்டியாக, அடுத்தவர் கை படாமல் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஊகம்தான். இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம்: போனில் பத்து வயதுப் பிள்ளையின் பேச்சு உங்கள் காதில் எந்நேரமும் விழுந்துகொண்டே இருக்கலாம், அது மாற்றிவிடவும் கூடும்.

உங்களை அப்போது 'பூமர்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லை நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் வழி இருக்கிறது. ராணிக்கு வானொலி நிலையம் தேவைப்பட்டது, உங்களுக்குப் போன் போதும். கூட்டாளிகள் நாலு பேர் உட்கார்ந்து சும்மா பேசுவதை அரை மணி நேரம் பதிவு செய்து வையுங்கள். எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் நடிப்பார்கள், அதைக் கழித்துவிடுங்கள். கல்யாண வீட்டு வீடியோ உதவாது, பின்னால் பாட்டு அலறும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே நாலு பேர், அதே மாதிரி. போன் மாற்றும்போது அதை மறக்காமல் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாட்சப்பை நம்ப வேண்டாம்.